முதல் வரிசை நாற்காலி

— போவலைன்னா போவலை. இதைக் கேக்கறதுக்கா மல்காஜ்கிரியில இருந்து ஆட்டோ புடிச்சுக்கினு வந்தீங்க, வக்கீல் சார்?

— கேக்கறதுக்குன்னு இல்லை, ஜகதீசன் சார். நீங்க கிளம்பிட்டீங்களான்னு ஒரு எட்டு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்.

— பாத்துட்டீங்க இல்ல. கைலியில இருக்கேன். மூஞ்சி கூட மழிக்கலை. நக்கோன்னா நக்கோ, வாணாம்.

— பெத்த பொண்ணு இன்னிக்கு மந்திரியா உறுதிமொழி எடுக்கப் போறா. ராஜ்பவன்ல கவர்னர் முன்னாடி. நீங்க இங்க திருமுல்கேரியில கைலியோட உக்காந்திருக்கறது நல்லாவா இருக்கு?

— டிவியில காட்டுவான். பாத்துக்கறேன்.

— ஏங்க, வந்த மனுஷரை வாசல்ல நிக்க வெச்சே சண்டை போடறீங்க. உள்ள வந்து உக்காருங்க, சார். காப்பி கொண்டாரேன். உங்களுக்குச் சர்க்கரை போடாமத்தானே.

— ஆமாம்மா. தேங்க்ஸ்.

— நில்லு, பகவதி. இவருக்குச் சர்க்கரை ஆவாதுன்னு உனக்கு இன்னா தெரியும்?

— ரோகிணிதான் சொன்னா. சாருக்குச் சுகர் ஏறிக்கிச்சு, சார் நடக்கவே மாட்டேங்கறாருன்னு ஒரு நாள் பூரா பொலம்பிக்கினு இருந்தா.

— கேட்டீங்களா, வக்கீல் சார். எனக்குப் பிரஷர் மாத்திரை எந்தக் கலர்னு அவளைக் கேளுங்க. முழிப்பா.

— அந்த மாத்திரையை மாசாமாசம் வாங்கி அனுப்பறதே அவதாங்க.

— அனுப்பறது அவ டிரைவர். நீ போய் காப்பியைப் பாரு.

— ஜகதீசன் சார், நான் ரொம்ப நேரம் உக்கார மாட்டேன். நீங்க போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா எழுந்து போயிடுவேன்.

— உங்களுக்கு நேரமாவும்ல. பட்டு வேட்டி, ரெண்டு விரல் ஜரிகை, மடிப்புக் கலையாத சட்டை. தோள்ல மட்டும் ஒண்ணும் இல்லை. சால்வைக்கு இடம் விட்டுட்டு வந்திருக்கீங்களா?

— வேட்டியா. அது... மருமக தேய்ச்சு எடுத்து வெச்சிருந்தா. கட்டிக்கிட்டேன்.

— முதல் வரிசை நாற்காலியில உக்காறவர் அப்படித்தான் வரணும்.

— முதல் வரிசை உங்களுக்குத்தான். பாஸ் வந்திருக்குமே.

— வந்துச்சு. மூணு பாஸ். எனக்கு ஒண்ணு, இவளுக்கு ஒண்ணு, பெங்களூர்ல இருக்கற மவன் அனிருத்துக்கு ஒண்ணு. தொரைக்கு ஆபீஸ்ல லீவு இல்லையாம். அவன் பாஸ் ஃப்ரிட்ஜ் மேல கிடக்கு. என்னுதும் அதும்பக்கத்துலயே கிடக்கட்டும்.

— ரோகிணி மேல உங்களுக்கு என்ன கோபம்?

— அவ மேல இன்னா கோவம். உங்க மேலதான்.

— சரி. அப்ஜெக்ஷன் இல்லை. சொல்லுங்க, கேக்கறேன்.

— இந்தக் கோர்ட்டு பாஷை என்கிட்ட வாணாம். நான் எட்டாங்கிளாஸ். ஆர்மி ஒர்க்ஷாப்ல கிரேன் ஓட்டினவன். ஆனா கண்ணு நல்லாத் தெரியும். மைக்கைக் கையில வாங்கினா அவ வாயில வர்ற மொத வார்த்தை இன்னா? மா குருவுகாரு ஜம்புநாதன்காரு. போவன்பள்ளியிலயும் அதுதான், கரீம்நகர்லயும் அதுதான், டிவிக்காரன் முன்னாலயும் அதுதான். குருவுகாரு, குருவுகாருன்னு உருகுறா. மா நானா, எங்க அப்பான்னு ஒரு தடவ வந்துச்சா வாயில?

— கோர்ட்டுல எல்லா ஜூனியரும் சீனியரை அப்படிச் சொல்றதுதான். பழக்கம்.

— பழக்கமா. அந்தக் குரல் யாருதுன்னு நினைக்கிறீங்க? ஒர்க்ஷாப் கேட்ல யூனியனுக்காக மைக்கு இல்லாம பேசினவன் நான். ஷிப்ட் முடிஞ்சு வர்றவன் சைக்கிளை நிறுத்திட்டுக் கேப்பான். அப்ப இவ என் தோள்ல உக்காந்துக்கினு என் தலைமயிரைப் புடிச்சுக்கினு இருப்பா. இப்ப ஊர் பூரா போஸ்டர்ல விரலை மடக்கிக் கையைத் தூக்கி நிக்கறா பாருங்க, அது என் கை.

— வாதத்துக்காக ஒத்துக்கறேன். குரல் உங்களுது, கை உங்களுது. ஆனா எதைப் பேசணும், எங்க நிறுத்தணும்? அது என் ஆபீஸ்ல வந்தது. போவன்பள்ளி மார்க்கெட் கேஸ் ஞாபகம் இருக்கா?

— எனக்கா மறக்கும்?

— கேட்டுக்கு வெளியில காய்கறியைக் கூறு கட்டி வித்த பொம்பளைங்களைக் காண்ட்ராக்டர் துரத்தினான். யாரும் அந்தக் கேஸைத் தொடலை. இவ எடுத்துட்டு வந்தா. நான் உக்காந்து மனு எழுதினேன். ஸ்டே வாங்கினோம். பேப்பர்ல அவ பேர் முதமுதல்ல வந்தது அன்னிக்குத்தான்.

— ஸ்டே வாங்கினீங்க, இல்லைங்கலை. அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினப்ப காண்ட்ராக்டர் ஆளு இன்னா பண்ணான்? அதுல கையைத் துடைச்சுக் கீழ போட்டான். அப்ப நீங்க எங்க இருந்தீங்க?

— கோர்ட்டு அவமதிப்பு மனு எழுதிட்டு இருந்தேன்.

— எழுதுங்க. நான்தான் சொன்னேன். கோர்ட்டு வாசல்ல நின்னது போதும், மார்க்கெட் கேட்ல போய் குந்துன்னு. குந்துனா. கொட்ற மழையில அந்தப் பொம்பளைங்களோட குந்துனா. ஒரு லாரி உள்ள போவலை. பாதி ஊர்ல சாம்பாருக்குத் தக்காளி இல்லை. அன்னிக்குத்தான் அவ தலைவி ஆனா. ஸ்டேல ஒண்ணும் ஆவலை.

— ரெக்கார்டுக்காகச் சொல்றேன். அன்னிக்குப் போலீஸ் புடிச்சுட்டுப் போனப்ப ஸ்டேஷன்ல இருந்து அவளை வெளியில கொண்டுவந்தது நான்.

— கொண்டாந்தீங்க. நானும்தான் ஸ்டேஷன் வாசல்ல நின்னுக்கினு இருந்தேன். அவளுக்கு ஃப்ளாஸ்க்ல டீ கொண்டாந்திருந்தேன். வெளிய வந்தா. அப்பா வந்துட்டியான்னா. அடுத்த நிமிஷம் உங்க ஸ்கூட்டர் பின்னாடி ஏறிப் போய்ட்டா.

— அந்தப் பொம்பளைங்க எல்லாம் எங்க ஆபீஸ்ல காத்துட்டு இருந்தாங்க. அதனால போனோம்.

— டீயை நானே குடிச்சேன்.

— இதை இவர் என்கிட்ட சொல்லாத நாளே இல்லை, சார். இந்தாங்க காப்பி. சூடா இருக்கு.

— பகவதி, நீ நடுவுல வராத.

— மழையில குந்துனவளுக்கு நெஞ்சுல சளி கட்டி நான் கஷாயம் வெச்சேனே, அதையும் சேத்துச் சொல்லுங்க. அதுக்கும் ஒரு குருவுகாரு பட்டம் குடுக்கட்டும்.

— கஷாயத்துக்கெல்லாம் பட்டம் குடுக்க மாட்டான். வக்கீல் சார், இன்னொண்ணு கேக்கறேன். மொத எலெக்ஷன்ல நின்னாளே, டெபாசிட்டே போச்சே, அப்ப உங்களை நான் பாக்கவே இல்லையே.

— நான் வேண்டாம்னு சொன்னேன். கோர்ட்டுல நல்லா வந்துட்டு இருந்த பொண்ணு. அந்தச் சின்னக் கட்சிக்காரங்க கூப்பிட்டா போயிடறதான்னு சண்டை போட்டேன். ரெண்டு மாசம் பேசலை.

— ரெண்டு மாசம் நிம்மதியா இருந்தேன். ஒர்க்ஷாப் பசங்களைச் சேத்துக்கினு ஓட்டை ஜீப்ல சந்து சந்தா சுத்துனேன். எனக்குத் தெலுங்கு எழுத்து வராது, போஸ்டரைத் தலைகீழா ஒட்டினேன். சிரிச்சா. ராத்திரி என் பக்கத்துல உக்காந்து சோறு தின்னா. தோத்துட்டா. தோத்ததும் மறுபடி உங்க ஆபீஸுக்கு வந்துட்டா.

— தோத்தவளுக்கு வேலை வேணும் இல்லையா.

— ஜெயிக்கறதுக்குள்ளயும் என் ஜீப் செத்துப் போச்சு. அடுத்த தடவ அவளுக்குக் கார் வந்துடுச்சு, கூட்டம் வந்துடுச்சு, ஜெயிச்சா. என்னை யாரும் ஏத்தலை. வயசாயிடுச்சுப்பா, வீட்டுல இருன்னுட்டா.

— உங்களுக்கு அப்ப ஆஸ்பத்திரியில நெஞ்சுக்கு வயர் வெச்சு அனுப்பிச்சிருந்தாங்க. அதையும் சொல்லுங்களேன்.

— பகவதி.

— இல்லை, சார் தெரிஞ்சுக்கட்டும்னு சொன்னேன்.

— கட்சித் தலைவி ஆனதைச் சொல்லுங்க, ஜகதீசன் சார். அதுல உங்களுக்குப் பெருமை இல்லையா? பழைய தலைவர் படுக்கையில விழுந்தப்ப அத்தனை ஆம்பளைங்களும் அடிச்சுக்கிட்டாங்க. இவ மட்டும் பேசாம இருந்தா. கடைசியில எல்லாரும் களைச்சுப் போய் இவளைத் தலைவரா உக்கார வெச்சாங்க. அந்தப் பேசாம இருக்கற வித்தை என்கிட்ட கத்துக்கிட்டது. எதிர் வக்கீல் கத்தும்போது நீ வாயைத் திறக்காத, அவனே தப்பு பண்ணுவான்னு சொல்லிச் சொல்லி வளத்தேன்.

— அது என்கிட்ட கத்துக்கினது, சார். இந்த வீட்டுல வேற வழி ஏது?

— சரிம்மா. அதை விட்டுடறேன்.

— வுடுங்க, வுடுங்க. எல்லாத்தையும் வுட்டுட்டுப் போவ வேண்டியதுதான். தலைவி ஆனா. ஆறு எம்.எல்.ஏ.வைக் கையில வெச்சுக்கினு பெரிய கட்சிக்காரனை வழிக்குக் கொண்டாந்தா. இன்னிக்குத் தொழிலாளர் மந்திரி. நாளைக்கு எவனாவது எங்கயாவது கேட்ல குந்துனான்னா, போலீஸை அனுப்பலாமா வாணாமான்னு இவதான் சொல்லணும். இதுக்கு நானும் போய்க் கை தட்டணும். எனக்கு எந்த அரசியல்வாதி மேலயும் நம்பிக்கை இல்லை. பெத்ததா இருந்தாலும்.

— உங்க கோபம் அது இல்லை. ஜெயிச்ச அன்னிக்கு ஃபங்ஷன் ஹால்ல நடந்ததுதான் இன்னும் உள்ள இருக்கு. பாதியில எழுந்து பஸ் ஏறிப் போனீங்களே.

— ஆமா. இருக்கு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். மேடையில அத்தனை கேமரா. அவ நேரா நடந்து போனா. எங்க போறா, நம்மகிட்டத்தான் வர்றான்னு நான் வேட்டியைச் சரி பண்ணிக்கினு எழுந்தேன். என்னைத் தாண்டிப் போய் உங்க கால்ல விழுந்தா. நான் பாதி எழுந்தவன், நிக்கறதா உக்காறதான்னு தெரியாம நின்னேன். பின்னாடி இருந்தவன், பெத்தாயனா, கூச்சோண்டிங்கறான். பெரியவரே உக்காருங்கறான். என் பொண்ணு ஜெயிச்ச மேடையில.

— அது எனக்குத் தெரியாது.

— உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க கால்தான் அங்க இருந்துச்சு. அன்னிக்கே வீட்டுக்கு வந்தப்ப சொல்ட்டேன். இந்த ஜம்புநாதன் இருக்கற எடத்துல இனிமே என் கால் படாதுன்னு. தயிர் சோறு சாப்ட்டுக்கினு இருந்தா. வாயே தொறக்கலை. எழுந்து கை கழுவிக்கினு போய்ட்டா. என் பேச்சுக்கு அவ்ளோதான் மரியாதை.

— வாயே திறக்கலையா?

— தொறக்கலை.

— ம்.

— இன்னா ம்?

— ஒண்ணும் இல்லை. காப்பி நல்லா இருக்கு.

— மேடைக்குக் கூட நான் பொறுத்துப்பேன். அந்தக் கவுன் விஷயத்தைப் பொறுக்க மாட்டேன்.

— எந்தக் கவுன்?

— பாத்தியா, பகவதி, எந்தக் கவுனாம். அவ வக்கீலா பேர் பதிஞ்ச அன்னிக்கு நான் ஒரு கறுப்புக் கவுன் தைச்சுக்கினு வந்தேன். எங்க ஒர்க்ஷாப்ல ஜீப்புக்குக் கூரை தைக்கறவன், நல்ல கைக்காரன். அவன்கிட்ட அளவு குடுத்து, நல்ல துணி எடுத்து, ரெட்டைத் தையல் போட்டுத் தைச்சது. பேப்பர்ல மடிச்சு எடுத்துக்கினு வந்தா, அதுக்குள்ள நீங்க எழுந்து உங்க கவுனைக் கழட்டி அவ தோள்ல போட்டீங்க. தோள்பட்டையில பூச்சி அரிச்ச பழைய கவுன். எல்லாரும் கை தட்டறான். அவளுக்குக் கண்ணுல தண்ணி. நான் அந்தப் பொட்டலத்தை அக்குள்ல வெச்சுக்கினு நின்னேன்.

— ஜகதீசன் சார், அது எங்க வழக்கம். சீனியர் தன்னோட பழைய கவுனை ஜூனியருக்குப் போடறது பெரிய மரியாதை. எனக்கு என் சீனியர் போட்டது அது. அதான் பழசு. அவமானப்படுத்தணும்னு இல்லை.

— எனக்கு யாரு சொன்னா? எங்க ஊர்ல பழைய துணி போட்டா அதுக்கு வேற அர்த்தம். நான் தைச்சது ட்ரங்குப் பொட்டியில கிடக்கு. இன்னி வரைக்கும் நான் அந்தப் பொட்டியைத் தொறக்கலை.

— தொறந்தாத்தானே தெரியும்.

— இன்னா தெரியும்?

— பொட்டியில இருக்கறது உங்களுது இல்லைங்க. சாரோடது.

— இன்னாடி சொல்ற?

— மொத நாள் மட்டும்தான் அவ சாரோடதைப் போட்டா. மறுநாளே மடிச்சு நாப்தலீன் உருண்டை போட்டுப் பொட்டியில வெச்சுட்டா. கோர்ட்டுக்குப் போட்டுக்கினு போனதெல்லாம் நீங்க தைச்சது. கூரைக்காரன் தைச்ச தையலு, சித்திரை வெயில்ல வெந்து போய் வருவா. முதுகெல்லாம் வேர்க்குரு. கழட்டித் தூக்கிப் போடுடின்னா மாட்டேன்னா. ரெண்டு தடவ அக்குள்ல ஒட்டுப் போட்டுக் குடுத்தேன்.

— சும்மா சொல்லாத.

— போய்த் தொறந்து பாருங்க.

— எனக்கு நாப்தலீன் வாசனை ஆவாது. வக்கீல் சார், நீங்க சொல்லுங்க. அவ போட்டுக்கினு வந்தது எது?

— கனமா ஒண்ணு போட்டுட்டு வருவா. மழைக்கோட்டு மாதிரி இருக்கும். ஜட்ஜ் கூட ஒரு தடவ கேலி பண்ணார். நான்... என்னோடது என்ன ஆச்சுன்னு கேட்டேன், ஜகதீசன் சார். ரயில்ல தொலைஞ்சு போச்சு சார்னு சொன்னா. நானும் போகட்டும்னு விட்டுட்டேன். இங்கயா இருக்கு அது?

— ரயில்லயா தொலைஞ்சுதுன்னா?

— காஜிப்பேட்டைக்குப் போற வண்டியிலன்னா. வண்டி நம்பர் கூடச் சொன்னா.

— என்கிட்ட எதையும் சொல்லலை, உங்ககிட்ட பொய்யே சொல்லியிருக்கா. சரியான அரசியல்வாதி. நான் சொல்லலை?

— என் சீனியர் போட்டுக்கிட்ட கவுன், சார். நாப்பது வருஷம் கோர்ட்டைப் பாத்தது. பொட்டிக்குள்ள இருக்கா.

— இருக்கும். எங்க போவப் போவுது. பகவதி, இன்னொரு காப்பி குடு இவருக்கு. மூஞ்சி செத்துப் போச்சு.

— உங்க மூஞ்சியில மட்டும் பல்பு எரியுது.

— எரியட்டுமே. ரெட்டைத் தையலுடி அது. அந்தக் கூரைக்காரன்கிட்ட நான் நின்னு தைக்க வெச்சது. ஜட்ஜ் கேலி பண்ணாராம், மழைக்கோட்டாம். அதைப் போட்டுக்கினுதான் மார்க்கெட் கேஸும் பேசினாளா, வக்கீல் சார்?

— அதைப் போட்டுட்டுத்தான்.

— ஹவ். அப்படிச் சொல்லுங்க. அந்த வெள்ளைச் சட்டையை எடு, பகவதி.

— எந்தச் சட்டை?

— உன் பொண்ணு தீபாவளிக்கு எடுத்தது. தண்ணி சூடா இருக்கா? மழிச்சுக்கினு வந்துடறேன்.

— போறீங்களா அப்ப?

— எதுக்குக் கேக்கற? டிவியில போய் எவன் பாப்பான், பாதியில விளம்பரம் போடுவான். வக்கீல் சார், அஞ்சே நிமிஷம். அவ அனுப்பின கார் வரும். நீங்களும் அதுலயே ஏறிக்கங்க. இந்தப் பட்டு வேட்டியோட எதுக்கு ஆட்டோல கசங்கணும். உங்க முதல் வரிசை நாற்காலியில நானே உக்கார வெச்சுட்டு வர்றேன். இன்னிக்கு நீங்க எங்க உக்காந்தாலும் எனக்குக் கவலை இல்லை.

— ரொம்ப சந்தோஷம், ஜகதீசன் சார். நீங்க போயிட்டு வாங்க. நான் கிளம்பறேன். என் செருப்பு எங்க விட்டேன்...

— இன்னா, கவுனுக்கா கோவிச்சுக்கினீங்க? பொட்டியில பத்திரமாத்தான் இருக்கு. எடுத்துக்கினு போங்க வேணும்னா.

— கோபம் இல்லை.

— பின்ன இன்னா. ஏறுங்கன்னு சொல்றேன்ல.

— எனக்கு பாஸ் இல்லை.

— உங்களுக்கா பாஸ் இல்லை. என்கிட்ட விளையாடாதீங்க.

— ஞாயித்துக்கிழமை போன் பண்ணா. சார், அன்னிக்கு நீங்க வராதீங்க சார்னா. நான் ஏன்னு கேட்டேன். நீங்க வந்தா எங்க அப்பா வர மாட்டார், எனக்கு அப்பா வேணும் சார்னா. வெச்சுட்டா. அவ்வளவுதான் பேச்சு.

— பொய்.

— மருமககிட்ட எனக்கு அழைப்பு இல்லைன்னு சொல்ல முடியலை. அவ வேட்டியைத் தேய்ச்சு வெச்சுட்டா. கட்டிக்கிட்டு வந்துட்டேன். என்னை வேண்டாம்னு சொன்னதுக்கு அப்புறமும் நீங்க போகாம இருந்துட்டா அந்தப் பொண்ணு ரெண்டு பக்கமும் திரும்பிப் பாத்துட்டு நிக்கும். அதான் ஒரு எட்டு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்.

— பகவதி, உனக்கு இது தெரியுமா?

— தெரியும்.

— ஏன் சொல்லலை?

— சொல்லியிருந்தா நான் ஜெயிச்சுட்டேன்னு திருமுல்கேரி பூரா தண்டோரா போட்டிருப்பீங்க. அவ உங்களைத் தானா வரட்டும்னா.

— நான் தயிர் சோத்துக்கிட்ட நின்னு சொன்னதையா அவ மனசுல வெச்சுக்கினா?

— அதைத்தான். கை கழுவப் போன எடத்துல அழுதுட்டு வந்தா. வாசல்ல ஆரன் அடிக்கறான் பாருங்க, வண்டி வந்துடுச்சு.

— நான் வர்றேன், ஜகதீசன் சார். அந்தச் சட்டை உங்களுக்கு நல்லா இருக்கும். பஸ் ஸ்டாண்டுக்கு இப்படியே போகலாமா, சுத்திட்டுப் போகணுமா?

— நில்லுங்கய்யா. பகவதி, ஃப்ரிட்ஜ் மேல அனிருத் பாஸ் கிடக்குதே, அதை எடுத்து இவர் கையில குடு.

— எதுக்குங்க?

— எதுக்குன்னா இன்னா அர்த்தம்? ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னாத்தானே, அவ யார் கால்ல மொதல்ல விழறான்னு எனக்குத் தெரியும்.